கடத்தல் படகு என்று சந்தேகம் வந்தாலே குண்டு போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைப்பொருள் கடத்துவதாகச் சந்தேகிக்கும் படகுகளை அமெரிக்க ராணுவம் 2025 செப்டம்பரிலிருந்து கரீபியன் கடலிலும் கிழக்குப் பசிபிக்கிலும் வானிலிருந்து தாக்கி அழித்து வருகிறது. இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

முதலில், என்னதான் நடந்தது?

2025 செப்டம்பர் 2 அன்று வெனிசுவேலாவிலிருந்து கிளம்பிய ஒரு வேகப் படகை அமெரிக்க ராணுவம் தாக்கியது. 11 பேர் இறந்தார்கள். அதிபர் டிரம்ப் தாமே அதை அறிவித்து, படகு வெடித்து எரியும் வீடியோவையும் வெளியிட்டார். இறந்தவர்கள் 'ட்ரென் தே அராகுவா' என்ற வெனிசுவேலா கும்பலின் ஆட்கள் என்றார். அதன் பிறகு தாக்குதல்கள் தொடர்ந்தன. அக்டோபரில் பசிபிக் பக்கமும் பரவின. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

பெரும்பாலும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஒரு சின்ன வீடியோவும் ஓர் அறிவிப்பும் வரும். இறந்தவர்களின் பெயர் வராது. படகில் இருந்ததாகச் சொல்லப்படும் சரக்குக்கு ஆதாரமும் வராது. படகில் இருப்பவர் யார் என்று தனித்தனியாக அடையாளம் கண்டுகொள்ளாமலே தாக்கலாம் என்றுதான் அதிகாரிகள் தங்களிடம் விளக்கினார்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியே வந்து சொன்னார்கள்.

கடத்தல்காரர்கள்தானே செத்தார்கள்? இதில் என்ன தப்பு?

கோபம் புரிகிறது. போதைப்பொருளால் பிள்ளையை இழந்த வீட்டில் போய் மனித உரிமை பேசுவது லேசான காரியம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒன்றை முடிவு கட்டிவிடுகிறோம், அவர்கள் கடத்தல்காரர்கள் என்று. அதை யார் உறுதி செய்தது? குண்டு போட்டவர்களேதான். படகை நிறுத்தி, ஏறிப் பார்த்து, மூட்டையைப் பிரித்துச் சோதித்தால்தான் அது தெரியும். அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே படகும் ஆளும் சரக்கும் கடலுக்கு அடியில் போய்விடுகின்றன. சந்தேகம் சரியா தவறா என்று பார்க்க இருந்த ஒரே வழியையும் அந்தக் குண்டே அடைத்துவிடுகிறது. என் முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

சரி, கடத்தல்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிடிபட்டு, கொக்கைன் கடத்தியது நிரூபணமானால் பல வருடம் சிறை. சாதாரணமாக அதற்கு மரண தண்டனை கிடையாது. நீதிமன்றம் கொடுக்க முடியாத தண்டனையை ஓர் ஏவுகணை கொடுக்கிறது.

நடுக்கடல்தானே, அங்கே யார் சட்டம் செல்லும்?

நடுக்கடல் சட்டமில்லாத இடம் என்பது ரொம்பப் பரவலான தப்பெண்ணம். அங்கே ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, அந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது. போதைப்பொருள் விஷயத்தில் 1988-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு வழிமுறையையே எழுதி வைத்திருக்கிறது: சந்தேகம் இருந்தால் கொடி நாட்டிடம் கேள், அனுமதி வாங்கு, ஏறு, சோதனை போடு. அமெரிக்காவும் அதில் கையெழுத்துப் போட்ட நாடு. எந்த நாட்டிலும் பதிவாகாத படகு என்று சந்தேகித்தால், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஏறிப் பார்க்கலாம். அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவில்லை. ஆனாலும் இந்த விதிகளை வழக்கச் சட்டமாகப் பல பத்தாண்டுகளாக ஏற்று நடந்து வந்திருக்கிறது. இவற்றில் எதுவும் ஏறிப் பார்க்காமலே கொல்ல அனுமதிக்கவில்லை.

இதற்கு முன்னால் எப்படிப் பிடித்தார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'வேறு வழியே இல்லை' என்ற பேச்சு இங்கேதான் அடிபட்டுப் போகிறது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் இதற்கென்றே ஹெலிகாப்டர் பிரிவு ஒன்று இருக்கிறது. தலைமையிடம் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 1990-களின் கடைசியில் தொடங்கியது. கடத்தல் படகு என்றால் பெரும்பாலும் நீளமான ஃபைபர் படகு, பின்னால் இரண்டு மூன்று அவுட்போர்டு இன்ஜின். ஹெலிகாப்டர் அதற்குப் பக்கத்தில் தாழ்ந்து வந்து, நிறுத்தச் சொல்லி எச்சரிக்கும். நிற்காவிட்டால் படகுக்கு முன்னால் தண்ணீரில் சுடுவார்கள். அப்போதும் நிற்காவிட்டால், குறிபார்த்துச் சுடும் வீரர் கனரகத் துப்பாக்கியால் இன்ஜினை மட்டும் சுடுவார். ஆளைச் சுடுவதில்லை. ஓடும் ஹெலிகாப்டரிலிருந்து, அலையில் குதித்துப் போகும் படகின் இன்ஜினைக் குறிவைப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அதைத்தான் இத்தனை வருடம் பயிற்சி எடுத்துச் செய்து வந்திருக்கிறார்கள். படகு நின்றதும் சின்னப் படகில் போய் ஏறுவார்கள். சரக்கு இருந்தால் ஆளைக் கைது செய்து வழக்குப் போடுவார்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

இல்லாமலும் போகிறது என்பதுதான் விஷயம். ஏறிப் பார்த்த படகுகளில் கணிசமானவற்றில் போதைப்பொருளே கிடைப்பதில்லை என்று கடலோரக் காவல்படையின் புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டியவர், டிரம்பின் சொந்தக் கட்சி செனட்டர் ரேண்ட் பால்.

இன்னொன்று. பிடிபட்ட ஆள் பேசுவான். யார் அனுப்பினார்கள், எங்கே ஏற்றினார்கள், யாருக்குப் போகிறது என்று அவன் வாயிலிருந்து வரும் தகவலை வைத்துத்தான் மேலே இருப்பவர்களைப் பிடித்தார்கள். இறந்தவனிடம் என்ன கேட்க முடியும்?

நிற்காமல் ஓடினால் மூழ்கடிக்கலாம்தானே?

இதே கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. அப்போதும் மூழ்கடித்தது அமெரிக்காதான்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். 'ஐ'ம் அலோன்' என்ற கனடா நாட்டுப் பாய்க்கப்பல் சாராயம் கடத்திக்கொண்டிருந்தது. அதில் சந்தேகமே இல்லை. லூசியானா கரையோரத்தில் கடலோரக் காவல்படை அதைத் துரத்தியது. நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. 1929 மார்ச் 22 அன்று, கரையிலிருந்து 200 மைலுக்கும் அப்பால் மெக்சிகோ வளைகுடாவில் சுட்டு மூழ்கடித்தார்கள். மாலுமி ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். மற்றவர்களைக் காவல்படையே தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

கனடா விடவில்லை. இரு நாட்டு ஆணையர்கள் விசாரித்து 1935-இல் தீர்ப்புச் சொன்னார்கள்: கப்பலின் உண்மையான முதலாளிகள் அமெரிக்கர்களே என்றாலும், கடத்தல் கப்பலே என்றாலும், வேண்டுமென்றே மூழ்கடித்தது எந்தச் சட்டத்தாலும் நியாயமாகாது. அமெரிக்கா கனடாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், 25,000 டாலர் கொடுக்க வேண்டும், மாலுமிகளுக்குத் தனியாக இழப்பீடு கொடுக்க வேண்டும். ஓர் உயிர் போனதற்கு இவ்வளவு.

1999-இல் 'சைகா' வழக்கிலும் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் இதையே சொன்னது. மீன்பிடிக் கப்பல்களுக்கு டீசல் விற்ற ஒரு டேங்கர் மீது கினி நாட்டு ரோந்துப் படகு சுட்ட வழக்கு அது. கூடுமானவரை பலத்தைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்கவே முடியாதபோதும் தேவைக்கு மேல் போகக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

இது போர் என்கிறதே அமெரிக்கா? போரில் எதிரியைச் சுடலாமே?

2025 அக்டோபர் தொடக்கத்தில் வெள்ளை மாளிகை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அறிவிப்பில் அப்படித்தான் இருந்தது. போதைப்பொருள் கும்பல்களோடு அமெரிக்கா 'ஆயுத மோதலில்' இருக்கிறது, படகில் போகிறவர்கள் 'சட்டவிரோதப் போராளிகள்' என்று.

சட்டப்படி ஆயுத மோதல் என்றால் சில அடையாளங்கள் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஒரு படைபோலத் திரண்டு, கட்டளை அமைப்போடு இயங்க வேண்டும். இரு தரப்புக்கும் இடையே நீடித்த ஆயுதச் சண்டை நடக்க வேண்டும். இங்கே சண்டை எங்கே நடந்தது? இந்தப் படகுகள் அமெரிக்கப் படை மீது சுட்டதாக அரசே சொல்லவில்லை. காசுக்குச் சரக்கு விற்பது குற்றம், பெரிய குற்றம். அது தாக்குதல் ஆகாது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் அக்டோபர் 31 அன்று இந்தத் தாக்குதல்கள் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தை மீறுகின்றன, நிறுத்த வேண்டும் என்றார்.

சொந்த நாட்டுச் சட்டத்திலும் சிக்கல். 1973-ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானப்படி, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அதிபர் படையை மோதலில் 60 நாளுக்கு மேல் ஈடுபடுத்த முடியாது. அந்தக் கெடு வந்தபோது, அமெரிக்க வீரர்களுக்கு ஆபத்தே இல்லை, அதனால் இது அந்தச் சட்டம் சொல்லும் 'மோதல்' அல்ல என்று அரசின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். கொல்வதற்கு இது போர், நாடாளுமன்றத்திடம் கணக்குச் சொல்வதற்குப் போர் இல்லை. இரண்டும் ஒன்றாக எப்படி நிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை. தடுக்க முயன்ற தீர்மானங்கள் செனட்டில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றன.

பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்துவிட்டார்களே?

ஆமாம், ட்ரென் தே அராகுவாவை 2025 பிப்ரவரியில் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலால் சொத்தை முடக்கலாம், உதவுகிறவர்கள் மீது வழக்குப் போடலாம், விசா மறுக்கலாம். கொல்லும் அதிகாரம் அதில் இல்லை.

தப்பிப் பிழைத்தவர்களையும் சுட்டார்களாமே?

முதல் தாக்குதலிலேயே நடந்தது. நவம்பர் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. முதல் அடியில் படகு நொறுங்கியது. இரண்டு பேர் உயிரோடு மிஞ்சி, மிதந்த சிதிலத்தைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தாக்கினார்கள். இருவரும் இறந்தார்கள். அப்படி இரண்டாவது தாக்குதல் நடந்ததை வெள்ளை மாளிகையே பிறகு ஒப்புக்கொண்டது. உத்தரவிட்டவர் அட்மிரல் ஃபிராங்க் பிராட்லி, அது சட்டத்துக்கு உட்பட்டதே, குறி படகுதான் என்று விளக்கம் சொன்னது. மூடிய அறையில் வீடியோவைப் பார்த்த உறுப்பினர்கள் கட்சிவாரியாகப் பிரிந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் ஜிம் ஹைம்ஸ், நகர வழியில்லாமல் தவித்த இருவரைக் கொன்றதாகச் சொன்னார். டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டாம் காட்டனோ, அவர்கள் கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பார்த்தார்கள், அதனால் தாக்கியது சரி என்றார்.

காட்டன் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தால் யார்தான் அதை நிமிர்த்தப் பார்க்க மாட்டார்கள்? மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார், படகை விட்டால் உயிர் இல்லை.

இதில் சட்டக் குழப்பம் எதுவும் இல்லை. போர் என்றே ஏற்றாலும், கப்பல் உடைந்து நீரில் தவிப்பவரைச் சுடுவது குற்றம். 1949-ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை அவர்களைக் காப்பாற்றச் சொல்கிறது. 1944-இல் 'பெலியஸ்' என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, மிதந்துகொண்டிருந்த மாலுமிகளைச் சுட்ட ஜெர்மன் நீர்மூழ்கித் தளபதி ஹைன்ஸ் எக்கை, போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்துச் சுட்டுக்கொல்லத் தீர்ப்பளித்தது. மேலதிகாரி உத்தரவிட்டாலும் வீரர்கள் கீழ்ப்படியக் கூடாத, பார்த்தவுடனே சட்டவிரோதம் என்று தெரியும் உத்தரவுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போர்ச் சட்டக் கையேடு கொடுக்கும் உதாரணமே இதுதான்: கப்பல் உடைந்து தவிப்பவர்களைச் சுடச் சொல்வது.

அப்புறம் அக்டோபர் 16 தாக்குதலையும் இதோடு வைத்துப் பாருங்கள். பாதி மூழ்கியபடி போகும் கடத்தல் கலம் ஒன்றைத் தாக்கினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். இவர்களை மீட்டு, ஒருவரை ஈக்வடாருக்கும் ஒருவரைக் கொலம்பியாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். கொல்லும் அளவுக்கு ஆபத்தான 'போராளிகள்' என்றால் ஏன் சிறையில் வைக்கவில்லை? ஈக்வடாருக்குப் போனவர் மீது குற்றத்துக்கான ஆதாரம் இல்லை என்று அந்த நாடு அவரை விடுவித்துவிட்டது.

போதைப்பொருளால் வருடத்துக்குப் பல்லாயிரம் அமெரிக்கர்கள் சாகிறார்களே? அந்த உயிர்களுக்குக் கணக்கில்லையா?

கணக்கு உண்டு, ரொம்பப் பெரிய கணக்கு. 2023-இல் அளவு மீறி எடுத்து இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024-இல் அது சுமார் 80,000 ஆகக் குறைந்தது. எந்தப் படகும் தாக்கப்படுவதற்கு முன்பே வந்த குறைவு அது.

அந்தச் சாவுகளில் பெரும்பங்கு ஃபென்டனில் போன்ற செயற்கைப் போதைப்பொருளால். ஃபென்டனில் தயாராவது மெக்சிகோவில், மூலப்பொருள் வருவது பெரும்பாலும் சீனாவிலிருந்து. எல்லையைத் தாண்டுவது தரைவழியாக, காரிலும் லாரியிலும். வெனிசுவேலா படகுகளில் போவதாகச் சொல்லப்படுவது கொக்கைன். அதிலும் அங்கிருந்து கிழக்குக் கரீபியன் வழியாகப் போகும் சரக்கில் நிறைய ஐரோப்பாவுக்குப் போகிறது. ஒரு படகை அழித்தால் 25,000 அமெரிக்க உயிர் தப்பியது என்று டிரம்ப் சொல்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

உளவுத் தகவல் இல்லாமலா தாக்குவார்கள்? தவறு நடக்குமா?

நடந்திருக்கிறது. 2001 ஏப்ரல் 20 அன்று பெருவில், சி.ஐ.ஏ. கண்காணிப்பு விமானம் காட்டிக்கொடுத்த ஒரு சின்ன விமானத்தைப் பெரு விமானப்படை கடத்தல் விமானம் என்று சுட்டது. உள்ளே இருந்தது அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர் குடும்பம். ஒரு தாயும் அவர் மடியில் இருந்த கைக்குழந்தையும் இறந்தார்கள். அந்தத் திட்டத்தில் வேண்டிய எச்சரிக்கைகளைக் கொடுக்காமலே பல விமானங்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று பிறகு சி.ஐ.ஏ.வின் உள்விசாரணையே சொன்னது.

கடலில் நம் ஆட்களே பட்டிருக்கிறார்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்சி' கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் படகு என்று நினைத்து மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் ஒருவரும் கொல்லத்துக்காரர் ஒருவரும் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே, 'ராப்பஹானக்' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல், கிட்டே வந்த ஒரு சின்னப் படகை ஆபத்து என்று நினைத்துச் சுட்டது. இறந்தவரும் ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர். காயமடைந்த மூவரும் மீன்பிடிக்கப் போனவர்கள்தான். எச்சரித்தோம் என்றது கடற்படை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். இந்தியக் கடற்படையும் விலக்கில்லை. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் 'ஐஎன்எஸ் தபார்' கொள்ளையர்களின் தாய்க்கப்பல் என்று மூழ்கடித்தது, கொள்ளையர்கள் அன்றுதான் கைப்பற்றியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பலை. பிடிபட்ட மாலுமிகள் உள்ளேதான் இருந்தார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் படகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்ரோல் கேன், மூட்டை, நாலைந்து பேர். இன்று கரீபியனிலும் இதுவே பேச்சு. டிரினிடாட்டின் லாஸ் குவேவாஸ் என்ற மீனவக் கிராமத்துக் குடும்பம் ஒன்று, தாக்குதலில் இறந்த தங்கள் பிள்ளை ஊர் திரும்பிக்கொண்டிருந்த மீனவர் என்கிறது. அவர்கள் பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசரோ தாக்குதல்களை வெளிப்படையாக ஆதரித்தார்.

அப்படியானால் இறந்தவர்கள் எல்லாரும் அப்பாவிகளா?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. வெனிசுவேலாவின் பாரியா தீபகற்பத்தில் இறந்தவர்களின் ஊர்களுக்கு ஏ.பி. செய்தியாளர்கள் போய் விசாரித்தபோது, சிலர் சரக்குக் கொண்டுபோனது உண்மைதான் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். ஆனால் அவர்கள் யார்? ஒருவர் மீனவர், ஒருவர் பஸ் டிரைவர். ஒரு நடைக்கு 500 டாலர் கிடைக்கும் என்று போனவர்கள். கும்பலின் தலைகள் படகில் ஏறுவதில்லை.

தலைகளுக்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஹோண்டுராஸ் முன்னாள் அதிபர் ஹுவான் ஓர்லாண்டோ எர்னாண்டஸ், டன் கணக்கில் கொக்கைன் அமெரிக்காவுக்குப் போக உதவினார் என்று நியூயார்க்கில் நிரூபணமாகி, 2024-இல் 45 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். 2025 டிசம்பர் 1 அன்று டிரம்ப் மன்னிப்பளிக்க, அவர் வெளியே வந்துவிட்டார். 2026 ஜனவரியில் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட வெனிசுவேலா அதிபர் மதுரோவுக்குக்கூட நியூயார்க்கில் நீதிபதி உண்டு, வழக்கறிஞர் உண்டு, நான் குற்றவாளி இல்லை என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. படகோட்டிப் போனவனுக்கு அது கிடைக்கவில்லை. சட்டத்தை விட்டுவிட்டு அறத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

சிங்கப்பூரில் தூக்கிலேயே போடுகிறார்களே?

போடுகிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. 42.72 கிராம் ஹெராயின் கடத்தியதற்காக, அறிவுத்திறன் குறைந்தவர் என்று வாதிடப்பட்ட மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரை 2022 ஏப்ரலில் அங்கே தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்த வழக்கில் சரக்கை எடை போட்டார்கள். சாட்சி சொன்னார்கள். வருடக்கணக்கில் மேல்முறையீடு நடந்தது. அவர் பேச்சை யாரோ உட்கார்ந்து கேட்டார்கள். உலகிலேயே கடுமையான சட்டமுள்ள நாட்டில்கூட இவ்வளவும் நடந்த பிறகுதான்.

இந்தியக் கடலில் பிடிபட்டால்?

2024 நவம்பரில் அந்தமான் அருகே மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் ஐந்து டன்னுக்கும் மேல் மெத்தாம்பெட்டமைன் சிக்கியது. இந்தியக் கடலோரக் காவல்படை ஏறி, ஆறு பேரைக் கைது செய்து கரைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய சரக்கையே ஒரு குண்டும் போடாமல் பிடிக்க முடிந்திருக்கிறது.

அமெரிக்காவின் கூட்டாளிகளும் ராணுவமும் என்ன சொல்கிறார்கள்?

அந்தப் பகுதிக்கான அமெரிக்கப் படைத் தளபதி அட்மிரல் ஆல்வின் ஹோல்சி, பதவியேற்று ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் ஓய்வு பெறப்போவதாக அறிவித்து, டிசம்பரில் போய்விட்டார். காரணத்தை வெளியே சொல்லவில்லை. கடத்தல் படகுகள் பற்றிய உளவுத் தகவலைத் தருவதைப் பிரிட்டன் நிறுத்தி வைத்ததாக நவம்பரில் செய்தி வந்தது.

இதை யார், எங்கே கேட்க முடியும்?

வழிகள் குறைவு. செப்டம்பரில் நடந்த ஒரு தாக்குதலில் இறந்த கொலம்பிய மீனவர் ஒருவரின் குடும்பம், டிசம்பரில் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஆணையம் விசாரித்துப் பரிந்துரை செய்யலாம். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தின் அதிகாரத்தை அமெரிக்கா ஏற்காததால் வழக்கு அதற்கு மேலே போகாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் அமெரிக்கா உறுப்பினர் இல்லை. ஆனால் ஓர் உறுப்பு நாட்டில் பதிவான கலத்தில் குற்றம் நடந்தால் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கொலம்பியாவும் டிரினிடாடும் உறுப்பு நாடுகள். எந்தப் படகு எங்கே பதிவானது என்று காட்ட வேண்டும். படகு கடலுக்கு அடியில் கிடக்கிறது.

மிச்சம் இருப்பது அமெரிக்க நாடாளுமன்றம். செப்டம்பர் 2 வீடியோவை முழுதாகப் பொதுமக்களுக்கு வெளியிட முடியாது என்று பாதுகாப்புத் துறைச் செயலர் பீட் ஹெக்செத் டிசம்பரில் சொல்லிவிட்டார். தாக்குதல்களின் வெட்டாத வீடியோவைக் குழுக்களிடம் ஒப்படைக்கும்வரை அவருடைய பயணச் செலவுப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க, இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து நிறைவேற்றிய ராணுவச் செலவுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.